மூன்று கால் காட்டெருமைக்கு 650 டாலர் தண்டம் அழுதேன்

வெள்ளிக்கிழமை, காசுகள் அசலா என்று பார்த்துத் தரம் சொல்லும் மதிப்பீட்டு நிறுவனத்திலிருந்து திரும்பி வந்த உறையில், நான் 650 டாலர் கொடுத்து வாங்கிய பஃபலோ நிக்கலும் (ஒரு பக்கம் செவ்விந்தியர் தலை, மறுபக்கம் காட்டெருமை பொறித்த பழைய அமெரிக்க ஐந்து சென்ட் காசு), அது செதுக்கி மாற்றப்பட்ட காசு என்று சொல்லும் ஒரு துண்டுத் தாளும் இருந்தன. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

1937-இல் அமெரிக்காவின் டென்வர் நாணயச்சாலையில் காசு அடிக்கும் அச்சு ஒன்றை அளவுக்கு மீறித் தேய்த்து மெருகேற்றியதால், காட்டெருமையின் முன்னங்கால் ஒன்று அழிந்து, குளம்பு மட்டும் மிஞ்சிய காசுகள் வெளியே வந்துவிட்டன. அதே ஆண்டின் சாதாரண டென்வர் காசு, புழங்கித் தேய்ந்ததென்றால், ஒன்றிரண்டு டாலருக்கே கிடைக்கும். மூன்று கால் காசோ தேய்ந்திருந்தாலும் பல நூறு டாலர் போகும். இரண்டுக்கும் நடுவே நிற்பது ஒரு கால்தான். அதை எடுக்க ஒரு சிறிய அரம் போதும். 1883-இல் 'சென்ட்' என்ற சொல் இல்லாமல், ரோமன் ஐந்து மட்டும் பொறித்து வந்த ஐந்து சென்ட் நிக்கலுக்குத் தங்க முலாம் பூசி ஐந்து டாலர் தங்கக் காசாகத் தள்ளிவிட்ட கதையைப் பலருக்கும் சிரிக்கச் சிரிக்கச் சொன்னவன்தான் நான்.

வாங்கியது ஓர் இணைய ஏலத்தளத்தில். தாத்தாவின் சுருட்டுப் பெட்டியில் கிடந்த காசு என்று விற்பவர் எழுதியிருந்தார்; அதை நான் நம்பவில்லை. ஆனால் நான் கேட்காமலேயே, செவ்விந்தியரின் கன்னத்தில் ஒரு கீறல் இருக்கிறது, வேண்டுமானால் யோசித்து வாங்குங்கள் என்று அவரே செய்தி அனுப்பினார். தன் சரக்கின் குறையைத் தானே சொல்பவர் பொய் சொல்வாரா என்று அந்த இடத்தில் விழுந்தேன். படத்தில் வயிற்றுக்குக் கீழே மட்டும் விளக்கொளி பட்டுக் கண் கூசியதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அசல் காசில் வயிற்றிலிருந்து தரைவரை மேலெழும்பிய புள்ளிகள் வரிசையாக இறங்கும்; பின்னங்காலும் பூச்சி அரித்ததுபோல் மெலிந்திருக்கும். என்னுடையதில் பின்னங்கால் கொழுகொழுவென்று இருக்கிறது. முன்னங்கால் இருந்த இடத்தில், உருப்பெருக்கியில் பார்த்தால், இணையிணையாக அரத்தின் கோடுகள்.

விற்பவரிடம் கேட்டதற்கு, அட்டை உறையைப் பிரித்த காசைத் திரும்பப் பெறுவதில்லை என்றார். மறுநாள், காசை நானே மாற்றியிருக்கலாம் என்றார். அதன்பின் பதில் இல்லை. ஏலத்தளத்தாரோ, புகார் செய்வதற்கான முப்பது நாள் கடந்துவிட்டது என்று ஒரே வாசகத்தை மூன்று முறை அனுப்பினார்கள். மதிப்பீட்டு முடிவு வர ஆறு வாரமானது என் குற்றமாம். 650 டாலர் போயிற்று. மதிப்பீட்டுக் கட்டணம் தனி.

வாங்குகிறவர்கள், மதிப்பீட்டு நிறுவனம் முத்திரையிட்டுத் தரும் உறையில் இல்லாத மூன்று கால் காசைத் தொடாதீர்கள். உறையில் இருந்தாலும் அதன்மேல் உள்ள சான்று எண்ணை அந்த நிறுவனத்திடம் சரிபாருங்கள். தேய்ந்து மறைந்த ஆண்டு எண்ணை அமிலம் தடவித் தெரியவைத்த காசுக்குப் பெரிய விலை கொடுக்காதீர்கள். இதற்கு மேல் எழுதப் பொறுமை இல்லை.

இன்று காலை அதே ஆள் இன்னொரு மூன்று கால் காசை ஏலத்துக்கு வைத்திருக்கிறார். அதே தாத்தா, அதே சுருட்டுப் பெட்டி.