மகன்ட இடுப்பில இருக்கிற இன்சுலின் பம்ப்: மோட்டருக்கு முழு மார்க்ஸ், ரியூப்புக்கு அரைவாசி

முடிவை முதல்லயே சொல்லிப்போட்டு பேந்து விளக்கத்துக்கு வாறன். டைப் 1 சீனி வருத்தம் (உடம்பு தானா இன்சுலின் சுரக்காத வருத்தம்) இருக்கிற சின்னப் பிள்ளைக்கு, இடுப்பில கொழுவி நாள் முழுக்க இன்சுலின் செலுத்திற பம்ப் வாங்கலாமோ எண்டு கேட்டா, வாங்கலாம், காசு பிரட்ட ஏலுமெண்டா யோசிக்காம வாங்குங்கோ. ஆனா விக்க வாற ஆக்கள் காட்டுற "0.025 யூனிட் துல்லியம்" எண்ட அந்த ஒரு நம்பரை மட்டும் பாத்து வாங்காதேங்கோ. அந்த நம்பரைக் குறை சொல்லேல்லை, மோட்டர் சரியா அளந்து தள்ளுதெண்டதை நான் தராசில நிறுத்தே பாத்தனான். பிரச்சினை எல்லாம் மோட்டரைத் தாண்டின பிறகு, அந்த மெல்லிய ரியூப்பிலயும் தோலுக்குள்ள போற ஊசியிலயும்தான் இருக்குது, அதைப்பற்றி ஒருத்தரும் வடிவாச் சொல்லுறேல்லை, அதுக்குத்தான் இவ்வளவு நீட்டி எழுதுறன்.

மகனுக்கு ஏழு வயசு, மெல்லிய உடம்பு. நான் பள்ளிக்கூடத்தில உயர்தரத்துக்குப் பொறியியல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறன், அதால ஒரு சாமான் கையில வந்தா உள்ளுக்க என்ன நடக்குதெண்டு பாக்காம இருக்க ஏலாது. பம்பின்ட பெயரும் தந்த ஆக்களின்ட பெயரும் போடேல்லை, ஏனெண்டா இதில இருக்கிற விசயம் ரியூப் வைச்ச கனக்கப் பம்புகளுக்குப் பொது. டோஸ் எவ்வளவு எண்டதை உங்கட டொக்டரோட மட்டும் கதையுங்கோ, என்ட நம்பரைப் பாத்து போடாதேங்கோ.

சின்னப் பிள்ளைக்கு ஏன் பம்ப் எண்டதைச் சொல்லவேணும். வழமையான இன்சுலினில 1 மில்லிக்குள்ள 100 யூனிட், அப்ப 1 யூனிட் எண்டா 10 மைக்ரோலீட்டர். பேனை மாதிரி இருக்கிற இன்சுலின் ஊசி, அதான் பென், அதில ஆகக் குறைஞ்சது 1 யூனிட், அரை யூனிட் பென் கிடைச்சா அரை. பெரிய ஆளுக்கு அரை யூனிட் கூடிக் குறைஞ்சா ஒண்டும் தெரியாது, எங்கட பிள்ளைக்கு அதே அரை யூனிட் சாமம் ரண்டு மணிக்கு சீனியை இறக்கிப்போடும், மனிசி எழும்பி சீனித்தண்ணி பருக்கிப்போட்டு விடியுமட்டும் நெத்தியைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கொண்டிருப்பா. அதோட இரவில போடுற லோங் அக்ரிங் ஊசி (நாள் முழுக்க மெல்ல வேலை செய்யிற இன்சுலின்) போட்டாப் போட்டதுதான், பிள்ளை பின்னேரம் ஓடி விளையாடினாலும் விடியப்புறம் ஹோர்மோன் கூடி சீனி ஏறினாலும் அது தன்ட பாட்டில வேலை செய்யும். பம்பில மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் மாத்தலாம், எங்கட ஆளுக்கு சாமத்தில மணிக்கு 0.1 யூனிட், விடிய நாலு மணிக்குப் பிறகு 0.25. அந்த 0.025 எண்ட படி கால் மைக்ரோலீட்டர், கடுகைவிடச் சின்னத் துளி.

இவ்வளவு சின்ன அளவை எப்பிடித் தள்ளுது எண்டா, விசயம் உண்மையில எளிது. சின்ன மோட்டர் ஒண்டு, அதுக்குக் கியர், கியர் ஒரு மெல்லிய திருகாணித் தண்டைச் சுத்தும், தண்டு இன்சுலின் நிரப்புற, சிரிஞ்ச் மாதிரி இருக்கிற றிசவரின்ட றப்பர் அடைப்பைத் தள்ளும். மோட்டர் கனக்கச் சுத்தினாலும் தண்டு மயிரிழையளவுதான் நகரும். இதின்ட முன்னோடியை 1960களின்ட தொடக்கத்தில லொஸ் ஏஞ்சலிஸில ஆர்னோல்ட் கேடிஷ் எண்ட டொக்டர் செய்தவர், அது முதுகில சுமக்கிற பை அளவு. பிறகு 1970களில டீன் கேமன் இடுப்பில கொழுவக்கூடிய அளவுக்குக் கொண்டுவந்தார். இப்ப ரியூப்பே இல்லாம தோலில ஒட்டுற பம்பும் இருக்குது, அதில ஒண்டு மோட்டருக்குப் பதிலா கரண்ட் குடுத்தாச் சுருங்கிற உலோகக் கம்பியால வேலை செய்யுது. 1988இல நெதர்லாந்து ருவென்ரே பல்கலைக்கழகத்தில சிலிக்கன் தகட்டைக் குடைஞ்சு, மின்சாரம் குடுத்தா வளையிற ஒரு சவ்வால வேலை செய்யிற குட்டிப் பம்பே செய்து காட்டினவை. பாக்க ஆசையாத்தான் இருக்கு, எண்டாலும் எங்கட வீட்டுக்கு வந்தது பழைய திருகாணி முறைதான், அதில எனக்கு ஒரு குறையும் இல்லை.

இனி அந்தத் தராசுக் கதை. பம்ப் கைக்கு வந்தோடன முதல்ல இன்சுலின் போடாம சேலைன் நிரப்பித்தான் பழக்கினவை, பிள்ளைக்கு அந்த நேரம் பென்தான் போனது. அந்த இடைவெளியில எனக்கு இதை நிறுக்கவேணுமெண்டு ஒரு எண்ணம். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில தெரிஞ்ச நகைக்கடைக்காரர் ஒராள் இருக்கிறார், அவரிட்ட கண்ணாடிக் கதவு வைச்ச தராசு, ஒரு மில்லிகிராம் வரைக்கும் காட்டும். விசயத்தைச் சொன்னோடன "மாஸ்டர், பிள்ளையின்ட அலுவல் எண்டா தூக்கிக்கொண்டு போங்கோ, ஞாயிறு கடை பூட்டுத்தானே" எண்டு தராசைத் தந்துவிட்டார், அந்த மனிசனுக்கு நான் என்ன கைமாறு செய்யிறதெண்டு தெரியேல்லை.

குசினி மேசையில ஃபானை நிப்பாட்டி, யன்னலைச் சாத்தி, ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில கொஞ்சம் சேலைன் விட்டு, ரியூப்பின்ட முனையை அதுக்குள்ள தாட்டு, மேல தேங்காயெண்ணெய் ஒரு படலம் விட்டனான். எண்ணெய் விடாட்டி தண்ணி ஆவியாப் போய் நம்பர் பிழைச்சுப்போம், மருந்து பம்புகளைச் சோதிக்கிற ஐஈசி 60601-2-24 எண்ட சர்வதேசத் தரத்தில நிறுத்துப் பாக்கிற முறைதான் இருக்குது, அங்கயும் ஆவியாதலைத் தடுக்கிறதுதான் பெரிய கவலை. 20 யூனிட் எண்டா 200 மில்லிகிராம் சொச்சம் வரவேணும். பட்டனை அமத்தினா தராசின்ட கடைசி இலக்கம் ஒண்டு ஒண்டா ஏறுது, மகன் வாயைத் திறந்துகொண்டு பக்கத்தில நிண்டு எண்ணினவன். 199, 202, 200 எண்டு வந்தது. கம்பனி சொல்லுறது கூடினா 5 வீதம் பிழைக்கும் எண்டு, அதைவிட எவ்வளவோ நல்லம். மணிக்கு 0.1 ஓடவிட்டா மணிக்கு ஒரு மில்லிகிராம்தான், அதை என்ட தராசு மணிக்கணக்கில பிரிச்சுக் காட்டாது, இரவு முழுக்க ஓடவிட்டு விடியக் கூட்டிப் பாத்தா கணக்குச் சரி. ஆனா இடையில இலக்கம் ஒரே சீரா ஏறேல்லை, கொஞ்சநேரம் அசையாம நிண்டு பிறகு ஒரேயடியா ரண்டு ஏறும். றப்பர் அடைப்பு சுவரோட ஒட்டிப் பிடிச்சு பிறகு விட்டுக்குடுக்கிறதும் அதுக்கு ஒரு காரணம். அந்த 5 வீதம் எண்டது கனநேரத்துச் சராசரி எண்டதை விளங்கி வைச்சிருங்கோ. உடம்புக்கு இது பெரிசில்லை, தோலுக்குக் கீழ போன இன்சுலின் மெல்லமாத்தான் இரத்தத்துக்குப் போகும்.

இந்த அளவில மோட்டருக்கு முழு மார்க்ஸ். இப்ப ரியூப்.

பிறிட்ஜில இருந்து எடுத்த குப்பியை அப்பிடியே றிசவருக்குள்ள இழுத்தா, இன்சுலின் சூடாக சூடாக அதில கரைஞ்சிருந்த காத்து வெளியில வந்து குமிழியா நிக்கும். பிறகு அது ரியூப்புக்குள்ள போகும். ஒரு அங்குல நீளக் குமிழி எண்டா கிட்டத்தட்ட அரை யூனிட் இன்சுலின் இல்லை எண்டு அர்த்தம். பெரிய ஆக்களுக்கு அது ஒண்டுமில்லை. மணிக்கு 0.1 ஓடுற பிள்ளைக்கு அஞ்சு மணித்தியாலம் வெறும் காத்துத்தான் போகுது! பம்புக்கு அது தெரியாது, திருகாணி தள்ளினது தள்ளினதுதான், திரையில எல்லாம் சரியெண்டுதான் காட்டும். குப்பியை வெளியில வைச்சு அறைச் சூட்டுக்கு வந்தபிறகு, அவசரப்படாம மெல்ல இழுத்து, றிசவரை நிமித்திப் பிடிச்சுத் தட்டிக் காத்தை மேல வரப்பண்ணி வெளியேத்துங்கோ. நாங்கள் ரியூப்பை வெளிச்சத்துக்கு நேர பிடிச்சு ஒரு தரம் முழு நீளத்துக்கும் பாத்துத்தான் கொழுவுறது.

அடுத்தது அடைப்பு. ஊசி மடிஞ்சா பம்ப் கத்தும் எண்டுதான் எல்லாரும் நினைக்கினம். கத்தும்தான், ஆனா எப்ப? உள்ளுக்க அழுத்தம் சேர்ந்து அந்த விசை ஒரு எல்லையைத் தாண்டினாத்தான் அலாரம். அந்த எல்லைக்கு ரண்டு யூனிட் தேங்கவேணுமெண்டு வைச்சா, மணிக்கு 0.1 ஓடுற சாமத்தில அது 20 மணித்தியாலக் கணக்கு. பம்பில இருக்கிறது கெதியா வேலை செய்யிற இன்சுலின் மட்டும்தான், பின்னுக்கு லோங் அக்ரிங் எண்டு ஒண்டும் இல்லை, ஓட்டம் நிண்டா சில மணித்தியாலத்திலயே இரத்தத்தில கீட்டோன் எண்ட ஆபத்தான அமிலம் ஏறத் தொடங்கிப்போடும். ஊசி தோலை விட்டு வெளியில வந்து இன்சுலின் பிளாஸ்ரருக்குள்ள கசிஞ்சா அழுத்தமே ஏறாது, அலாரமே வராது. எங்களுக்கு ஒருநாள் விடியப்புறம் அதுதான் நடந்தது, சீனி 340, பம்பு அமைதி, சட்டையைத் தூக்கினா ஒட்டின இடத்தில இன்சுலின் மணம். அந்த மணம் தெரிஞ்ச தாய்தகப்பன்மாருக்கு நான் சொல்லுறது விளங்கும். மனிசி உடன பெனில போட்டு, கீட்டோன் பாத்து, புது செட் (ஊசியும் ரியூப்பும் சேர்ந்தது) குத்தி சமாளிச்சவா. பம்ப் வந்திட்டுதெண்டு பென்னைத் தூக்கி எறியாதேங்கோ, கீட்டோன் ஸ்ரிப் இல்லாம ஒருநாளும் இருக்காதேங்கோ.

மெல்லிய பிள்ளையளுக்கு வளையிற பிளாஸ்ரிக் ஊசியைவிட 6 மில்லிமீற்றர் ஸ்டீல் ஊசி எங்களுக்கு நல்லாச் சரிவந்தது, அது மடியாது. ஆனா ரண்டு நாளைக்கு ஒருக்கா மாத்தவேணும், பிளாஸ்ரிக் எண்டா மூண்டு நாள் வரும். பெட்டிக்கு 10 செட், அப்ப மூண்டு நாள் கணக்கில மாதம் ஒரு பெட்டி, ரண்டு நாள் கணக்கில ஒண்டரைப் பெட்டி. காசு போறது இதிலதான். பம்ப் ஒருக்காத்தான் வாங்கிறது, செட் ஆயுளுக்கும் வாங்கவேணும். வெளிநாட்டுச் சொந்தக்காரர் "அங்க ஒராள் பாவிச்ச பம்ப் ஒண்டு சும்மா கிடக்கு, அனுப்பட்டே" எண்டு கேப்பினம், பாசத்திலதான் கேக்கினம், ஆனா அதுக்குப் பொருந்திற செட் இஞ்ச கிடைக்காட்டி அந்தப் பம்ப் அலுமாரிக்குள்ளதான் கிடக்கும்.

யாழ்ப்பாண வெய்யிலைப் பற்றியும் சொல்லவேணும். 37 பாகைக்கு மேல இன்சுலினை விடாதேங்கோ எண்டுதான் கம்பனியள் சொல்லுறது, பங்குனி சித்திரை மத்தியானத்தில சைக்கிள்ள முன்னுக்கு இருந்து போற பிள்ளையின்ட இடுப்பில வெய்யில் நேர அடிச்சா அதைத் தாண்டுறது லேசு. நாங்கள் வெள்ளைத் துணியில சின்னப் பை தைச்சு, ரியூப்பை சட்டைக்குள்ளால விடுறம். றிசவர் 300 யூனிட் பிடிக்குமெண்டு நிரப்புறேல்லை, மூண்டு நாளுக்குக் காணக்கூடியதா ரியூப் நிரப்புற அளவையும் சேர்த்து 60 மட்டும்தான், அப்ப இன்சுலின் உடம்புச் சூட்டில கனநாள் கிடந்து பழுதாகாது. கரண்ட் பிரச்சினை பம்புக்கு இல்லை, சாதாரண டபிள் ஏ பற்றறி ஒண்டு போதும். 2022இல பகலிரவா கரண்ட் வெட்டினதை மறக்கேல்லை, அப்ப இன்சுலின் குப்பியை ஈரமண்ணுக்கு நடுவில மண்சட்டி வைச்சுத்தான் காப்பாத்தினனாங்கள், சார்ஜ் போடுற பம்பை விட பற்றறிப் பம்பை எடுத்ததுக்கு அதுதான் காரணம்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வேட்டியோட, மேல் சட்டையில்லாமக் கூட்டிக்கொண்டு போனனாங்கள். வேர்வையில பிளாஸ்ரர் கழருமெண்டு பயந்து சுத்திவர இன்னொரு ரேப் ஒட்டினது, அது நிண்டுபிடிச்சது. வேட்டி மடிப்பில பம்பைக் கண்ட ஒரு அம்மா "என்ன அப்பன் உது இடுப்பில, றேடியோவோ?" எண்டு கேக்க, இவன் "இல்லை அம்மம்மா, இது என்ட கணையம்" எண்டான். அவா அவன்ட தலையைத் தடவி திருநீறு பூசிவிட்டவா.

சாப்பாட்டு விசயத்தில பம்பை அடிக்க ஆளில்லை. இடியப்பம் கெதியா சீனியை ஏத்தும், அதுக்கு முழுசையும் ஒரேயடியாக் குடுக்கலாம். கொத்துரொட்டி எண்ணெயும் இறைச்சியுமா மெல்ல ஏறும், அதுக்குக் கொஞ்சத்தை இப்ப, மிச்சத்தை ரண்டு மணித்தியாலத்துக்குப் பரப்பிக் குடுக்கலாம். பெனில இதுக்கு ரண்டு ஊசி குத்தவேணும். ஒடியல் கூழுக்குத்தான் இன்னும் கணக்குப் பிடிபடேல்லை. சீனியைத் தொடர்ந்து அளக்கிற சென்சரோட சேர்த்துப் பாவிச்சா சீனி இறங்கப்போகுதெண்டு தெரிஞ்சு பம்ப் தானே ஓட்டத்தை நிப்பாட்டும், மனிசி இப்ப இரவில நித்திரை கொள்ளுறா, எனக்கு அது ஒண்டே போதும்.

பலாலியிலயிருந்து சென்னைக்குப் பறக்கிற ஆக்கள் கவனிக்க: மேல ஏறேக்க காத்தழுத்தம் குறைஞ்சா றிசவருக்குள்ள குமிழி விரிஞ்சு கொஞ்சம் இன்சுலினைத் தானாத் தள்ளும். சின்னப் பிள்ளைக்கு அது கணக்கு. உங்கட டொக்டரோட கதைச்சுப்போட்டு ஏறேக்க கழட்டி, மேல போய்ச் சேர்ந்தபிறகு குமிழி பாத்துக் கொழுவுங்கோ.

எங்களுக்குத் தந்த ஆக்களின்ட சேவை சுமார்தான். பழக்கினது நல்லாப் பழக்கினவை, ஆனா செட் முடிஞ்சு கேட்டா "அடுத்த ஷிப்மென்ற்" எண்டு இழுத்தவை, அந்த நாளுகளில பென்னுக்குத் திரும்பவேண்டி வந்தது. அதால விலை கேக்கிறதுக்கு முதல் இதைக் கேளுங்கோ: எத்தனை மாதத்துக்கு செட் ஸ்ரொக் இருக்கு, 6 மில்லிமீற்றர் ஸ்டீல் இருக்கோ, யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில போட்டுவிடுவீங்களோ, பம்ப் பழுதானா அண்டைக்கே மாத்துப் பம்ப் தருவியளோ. எழுத்தில தந்தா மட்டும் முற்பணம் கட்டுங்கோ.