அக்கவுண்ட்ஸ் வேலைக்கு எந்த ரெஸ்யூமே? மூன்று வடிவங்களும் இன்டர்வியூவில் அவை படும் பாடும்

பி.காம். முடித்துவிட்டு திருப்பூர், கோவைப் பக்கம் அக்கவுண்ட்ஸ் வேலை தேடுபவர் ரெஸ்யூமேவை மூன்று விதமாக எழுதலாம். கடைசியாகப் பார்த்த வேலையை முதலில் வைத்துப் பின்னோக்கிப் போவது ஒன்று. தெரிந்த வேலைகளைத் தலைப்பு வாரியாக அடுக்கி, எங்கே, எப்போது என்பதை அடியில் இரண்டு வரியில் முடிப்பது இன்னொன்று. மேலே நான்கு வரியில் திறன், கீழே வருட வரிசையில் வேலை எனக் கலந்து எழுதுவது மூன்றாவது.

இரண்டு வருடத்துக்கு மேல் இடைவெளியில்லாத அனுபவம் இருந்தால் பின்னோக்கிய வரிசையே போதும். ஆள் எடுப்பவர் முதலில் தேடுவது மூன்றைத்தான்: இப்போது எங்கே இருக்கிறார், எத்தனை மாதம், அங்கே என்ன பார்த்தார். மூன்றும் முதல் கால் பக்கத்திலேயே கிடைத்துவிடும்.

திறன்வாரி வடிவத்தை, வேலையில் இடைவெளி விழுந்தவர்களுக்குப் பலர் பரிந்துரைக்கிறார்கள். அக்கவுண்ட்ஸ் வேலையில் இது எடுபடாது. ‘டேலி (கணக்கெழுதும் மென்பொருள்), ஜிஎஸ்டி, டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) தெரியும்’ என்று படித்ததுமே அடுத்த கேள்வி எழும்: பயிற்சி மையத்தில் மூன்று மாதம் படித்ததா, ஆடிட்டர் ஆபீசில் மூன்று வருடம் செய்ததா? பதில் அந்தத் தாளில் இல்லை. மறைக்க நினைத்த இடைவெளி, வருடம் போடாததாலேயே பெரிதாகத் தெரியும்.

குழந்தைப் பேறுக்குப் பிறகு வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கும், ஆடிட்டர் ஆபீசிலிருந்து கம்பெனிக்கு மாறுகிறவர்களுக்கும் கலப்பு வடிவம்தான் சரி. இடைவெளியை ஒளிக்க வேண்டாம். வருட வரிசையிலேயே ஒரு வரி போடுங்கள்: ‘2020 ஜூன் முதல் 2024 மார்ச் வரை, குழந்தை வளர்ப்புக்காக இடைவெளி’. அந்தக் காலத்தில் டேலிபிரைமோ ரிட்டர்ன் ஃபைலிங்கோ உண்மையாகவே கற்றிருந்தால் அதையும் அதே வரியில் சேருங்கள். இன்டர்வியூவில் அதைப் பற்றிய பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

எந்த வடிவமானாலும் ரெஸ்யூமே தோற்பது பெரும்பாலும் வரிகளில்தான். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் சங்கதி இதேதான்.

‘பில்லிங், ஜிஎஸ்டி, பேங்க் வேலைகளைக் கவனித்தேன்.’

‘மாதம் சுமார் 300 கொள்முதல் பில்களை டேலியில் பதிவு செய்தேன், ஜிஎஸ்டிஆர்-2பியுடன் ஒப்பிட்டு, விடுபட்டவற்றைச் சப்ளையர்களிடம் பேசிச் சரிசெய்தேன், இரண்டு நடப்புக் கணக்குகளுக்கு மாதாமாதம் பேங்க் ரீகன்சிலியேஷன் முடித்தேன்.’

ஜிஎஸ்டிஆர்-2பி என்பது சப்ளையர்கள் ஃபைல் செய்த பில்களை வைத்து ஜிஎஸ்டி போர்ட்டல் மாதாமாதம் தரும் பட்டியல். பேங்க் ரீகன்சிலியேஷன் என்பது நம் கணக்கையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது. முதல் வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். இரண்டாவதைச் செய்தவர் மட்டுமே எழுத முடியும். அந்த 300 உங்கள் உண்மையான எண்ணாக இருக்க வேண்டும். டேலியின் ஸ்டாடிஸ்டிக்ஸ் ரிப்போர்ட்டில் எந்த வவுச்சர் (பதிவு) எத்தனை என்று வகைவாரியாகக் கிடைக்கும். வேலையை விட்டு வருவதற்கு முன்பே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் விற்றுமுதல், வாடிக்கையாளர் பெயர்கள் போன்றவை ரெஸ்யூமேவில் வரவே கூடாது. ஒரு கம்பெனியின் கணக்கை வெளியே சொல்பவரை அடுத்த கம்பெனி நம்பாது.

வண்ண டிசைனா, வெறும் வேர்டு ஃபைலா?

கேன்வாவில் இடது பக்கம் நீலப் பட்டை, போட்டோ, ‘எக்செல் 80%’ என்று ஒரு கோடு. பார்க்க அழகுதான். ஆனால் அந்த 80 சதவீதம் எதில் 80 என்று யாருக்கும் தெரியாது. ‘பிவட் டேபிள், வி-லுக்கப் தெரியும்’ என்றால் உடனே விளங்கும். பக்கத்தை இடது, வலது என இரண்டு பத்தியாகப் பிரித்த டிசைனில் இன்னொரு சிக்கலும் உண்டு. விண்ணப்பத்தைப் படிக்கும் சில மென்பொருள்கள் இரண்டு பத்திகளையும் குறுக்காக ஒரே வரியாகப் படித்துவிடும். உங்கள் போன் நம்பருக்குப் பக்கத்தில் கல்லூரிப் பெயர் போய் ஒட்டிக்கொள்ளும். சோதிப்பது எளிது: பிடிஎஃபைத் திறந்து, முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். வரிசை மாறாமல் வந்தால் பரவாயில்லை. குழம்பி வந்தாலோ ஒன்றுமே வராவிட்டாலோ அந்த டிசைனை விட்டுவிடுங்கள்.

இடது, வலது எனப் பிரிக்காத ஒரே பத்தி, ஏ4 தாள், 10.5 அல்லது 11 அளவு எழுத்து, நான்கு பக்கமும் 2 செ.மீ. ஓரம். ஐந்து வருட அனுபவம் வரை ஒரு பக்கம் போதும். அப்பா பெயர், மதம், ‘மேற்கண்டவை உண்மை என உறுதியளிக்கிறேன்’ என்ற கடைசி வரி எல்லாம் பழைய பயோடேட்டாவின் மிச்சம். தனியார் வேலைக்கு எடுத்துவிடலாம். ஆதார், பான் எண்களைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். அந்தத் தாள் எத்தனை கை மாறும் என்று உங்களுக்குத் தெரியாது.

நேரடியாக அனுப்பினால் பிடிஎஃப். வேலைக்கு ஆள் தேடித் தரும் கன்சல்டன்சி கேட்டால் வேர்டு ஃபைல் கொடுங்கள். உங்கள் போன் நம்பரை எடுத்துவிட்டுத் தங்கள் லெட்டர்ஹெட்டில் போட்டு அனுப்புவது அவர்கள் வழக்கம்.

மனப்பாடமா, குறிப்பா?

இன்டர்வியூவுக்குத் தயாராவதில் பெரும்பாலோர் போவது மனப்பாட வழி. கேள்வி பதில் தொகுப்பை எடுத்து வரி வரியாக உருப்போடுவார்கள். முதல் கேள்விக்கு அது கைகொடுக்கும். ‘ஜிஎஸ்டிஆர்-2ஏ-வுக்கும் 2பி-க்கும் என்ன வித்தியாசம்?’ என்றால், 2ஏ சப்ளையர்கள் ஃபைல் செய்யச் செய்ய மாறிக்கொண்டே இருக்கும், 2பி அடுத்த மாதம் 14-ம் தேதி வரும் என்று சொல்லிவிடலாம். அடுத்து இப்படி வரும்:

“ஜூலை பில்லை சப்ளையர் லேட்டா ஆகஸ்ட் 20-ம் தேதிதான் ஃபைல் பண்ணியிருக்காரு. எந்த மாசம் கிரெடிட் எடுப்பீங்க?”

“அது ஆகஸ்ட் மாச 2பி-லதான் சார் வரும். அதனால ஆகஸ்ட் 3பி-லதான் எடுக்க முடியும். சப்ளையருக்கு முன்னாடியே போன் பண்ணி ஞாபகப்படுத்துவோம்.”

கிரெடிட் என்பது கொள்முதலில் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்வது, 3பி என்பது அதை எடுக்கும் ரிட்டர்ன். இந்தப் பதில் எந்தத் தொகுப்பிலும் இருக்காது. தொகுப்புகள் பழசாகியும் போகும்: 2024 அக்டோபரில் ஜிஎஸ்டி போர்ட்டலில் இன்வாய்ஸ் மேனேஜ்மென்ட் சிஸ்டம் வந்த பிறகு, பில்லை ஏற்பதா, நிராகரிப்பதா, நிலுவையில் வைப்பதா என்ற வேலையும் சேர்ந்துவிட்டது. அதற்கு முந்தைய நோட்ஸில் இந்தப் பேச்சே இல்லை.

குறிப்பு வழிக்கு உழைப்பு கொஞ்சம் கூடுதல், ஆனால் நடுவில் அறுந்து போகாது. ரெஸ்யூமேவின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சின்ன அட்டை. அதில் நான்கே குறிப்புகள்: என்ன சிக்கல், என் பொறுப்பு என்ன, என்ன செய்தேன், எப்படி முடிந்தது. வாக்கியமாக எழுதாதீர்கள், எழுதினால் மனப்பாடம் ஆகிவிடும். அட்டையைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லி, போனில் பதிந்து கேளுங்கள். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்பதற்கு 90 வினாடி போதும். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு முறை சொல்லிப் பாருங்கள். எச்ஆர் ஆங்கிலத்தில் கேட்டாலும் முதலாளி தமிழில்தான் பேச ஆரம்பிப்பார். ஆங்கிலத்தில் மட்டும் உருப்போட்டவர் அங்கேதான் தடுமாறுவார்.

சில இடங்களில் சிஸ்டத்தில் உட்காரவைத்து டேலியில் என்ட்ரி போடச் சொல்வார்கள். அதிகம் பேர் சறுக்குவது ஒரே இடத்தில்: கடைப் பணத்தை பேங்கில் கட்டியதை எஃப்5 பேமென்ட்டில் போடுவது. அது எஃப்4 கான்ட்ரா. பணம் வெளியே போகவில்லை, நம் கல்லாவிலிருந்து நம் பேங்க் கணக்குக்குத்தான் போயிருக்கிறது.

கடைசியில் சம்பளப் பேச்சு வரும். ஒரே எண்ணோடு போவதைவிட இரண்டு எண்ணோடு போங்கள்: கையில் வர வேண்டியது, சிடிசி (உங்களுக்காகக் கம்பெனி செலவிடும் மொத்தத் தொகை). முதலாளி பங்கு பிஎஃபையும் சிடிசிக்குள்ளேயே கணக்குக் காட்டும் இடங்கள் நிறைய. அப்படியானால் உங்கள் பங்கு 12 சதவீதம், அவர்கள் பங்கு 12 சதவீதம் இரண்டுமே அந்தத் தொகையிலிருந்துதான் போகும். “பிஎஃப் போக கையில எவ்வளவு சார் வரும்?” என்று ஆஃபர் லெட்டர் வருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.