அவாஹி: டெவ் சர்வருக்கு ஒரு பெயர்

லேப்டாப்பில் ஓடும் சைட்டைப் போனில் பார்க்க 192.168 என்று தொடங்கும் எண்ணைத் தட்டி, ரவுட்டர் ஐபியை மாற்றியதும் மறுபடி தேடித் தட்டுகிறவர்கள் லினக்ஸில், எண்ணுக்குப் பதில் கணினியைப் பெயர் சொல்லி அழைக்க வைக்கும் அவாஹியைப் போட்டுக்கொள்ளலாம். மேக்கில் இதே வேலையை பான்ஜூர் பார்க்கிறது. இரண்டுமே பேசுவது எம்டிஎன்எஸ் (ஒரே நெட்வொர்க்குக்குள் பெயரை ஐபி எண்ணாக மாற்றும் முறை), யுடிபி 5353 போர்ட்டில்.

கணினியின் பெயர் 'மேசை' என்றால் போனில் 'மேசை டாட் லோக்கல்', பின்னால் போர்ட் எண். முன்னால் ஹெச்டிடிபி சேர்த்தே அடியுங்கள். இல்லையென்றால் சில பிரவுசர்கள் அதைக் கூகுளில் தேடக் கிளம்பிவிடும். ஐபி மாறினாலும் இந்தப் பெயர் புது எண்ணுக்குத் தானாக மாறிக்கொள்ளும்.

ப்ராஜெக்ட்டுக்கென்று தனிப் பெயர் வைக்க அவாஹி-பப்ளிஷ் கட்டளை இருக்கிறது. சின்ன எழுத்து ஏ-யோடு பெரிய எழுத்து ஆர் ஆப்ஷனையும் கொடுக்க வேண்டும். விட்டால் பெயர் மோதுகிறது என்று மறுத்துவிடும். அந்த ஐபிக்கான ரிவர்ஸ் பதிவு (எண்ணைக் கொடுத்தால் பெயரைச் சொல்வது) ஏற்கெனவே கணினியின் பெயரில் இருக்கிறதே. ஆனால் இங்கே ஐபியை நாம்தான் எழுதித் தருகிறோம். அது மாறினால் பெயர் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். டெர்மினலை மூடினால் பெயரும் போச்சு. இந்த வசதி அரைவேக்காடுதான். ரவுட்டரில் லேப்டாப்புக்கு ஐபியை நிலையாக ஒதுக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

அவாஹி மேல் விழும் பழியில் பாதி அதனுடையது அல்ல. 'சர்வர் கிடைக்கவில்லை' என்று வந்தால் மட்டும் அதைச் சந்தேகியுங்கள். இணைப்பு உடனே மறுக்கப்பட்டால், பெரும்பாலும் டெவ் சர்வர் (சைட்டை லேப்டாப்பில் ஓட்டும் சர்வர்) 127.0.0.1-இல், அதாவது அதே கணினிக்குள் மட்டும் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்தும் கேட்க வைக்க, Vite டெவ் சர்வருக்கு ஹோஸ்ட் ஃபிளாக், ஜாங்கோ ரன்சர்வருக்கு 0.0.0.0:8000 கொடுங்கள். வெகுநேரம் சுற்றிச் சுற்றி நின்றுபோனால் பெரும்பாலும் ஃபயர்வால். ஐபி போட்டால் திறக்கிறது, பெயர் போட்டால் மட்டும் 'இந்த ஹோஸ்ட்டுக்கு அனுமதி இல்லை' என்றால், பெயர் சரியாகவே போய்ச் சேர்ந்துவிட்டது. தடுப்பது Vite-இன் அலவ்டுஹோஸ்ட்ஸ் (அனுமதிக்கப்பட்ட பெயர்களின் பட்டியல்). அந்தப் பட்டியலில் பெயரைச் சேர்த்தால் தீர்ந்தது.

கெஸ்ட் வைஃபையில் இதை முயலவே வேண்டாம். கருவிகளை ஒன்றோடொன்று பேசவிடாத ஐசொலேஷன் அங்கே வழக்கமாக ஆன் ஆகியிருக்கும், ஐபியும் எடுபடாது. அங்கே சைட்டை இணையம் வழியாகத் திறக்கவிடும் டனல் சேவைதான் வழி.

கேமரா, லொகேஷன், சர்வீஸ் வொர்க்கர் சோதிக்க வேண்டுமானால் பெயர் மட்டும் போதாது. லோக்கல்ஹோஸ்ட்டுக்குப் பிரவுசர் தரும் சலுகை டாட் லோக்கலுக்குக் கிடையாது, ஹெச்டிடிபிஎஸ் கட்டாயம். சோதனைக்கான சான்றிதழை நாமே உருவாக்கிக்கொள்ள உதவும் எம்கேசெர்ட்டில் அந்தப் பெயருக்குச் சான்றிதழ் எடுத்து, அதன் ரூட் சான்றிதழைப் போனில் ஏற்றுங்கள். சாவிக் கோப்பைத் தவறியும் அனுப்பிவிடாதீர்கள். ஐபோனில் ப்ரொஃபைலை நிறுவிய பிறகும் வேலை முடியாது: செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போய், அடியில் இருக்கும் சர்ட்டிஃபிகேட் டிரஸ்ட் செட்டிங்ஸில் அதை ஆன் செய்யும்வரை எச்சரிக்கைப் பக்கம்தான் வரும்.