எம்-சாட் கேள்வித்தாள்: 20 கேள்விகள், சரியாகக் கேட்டால் மட்டும்

ஒன்றரை வயதாகியும் குழந்தை கூப்பிட்டால் திரும்பவில்லை, யாரோடும் ஒட்டவில்லை என்ற கவலை வந்துவிட்டால் முதலில் கையில் எடுக்க வேண்டியது எம்-சாட்-ஆர்/எஃப் கேள்வித்தாள். குழந்தைக்கு ஆட்டிசம் இருக்க வாய்ப்பு உண்டா என்று பெற்றோரின் பதில்களை வைத்துப் பார்க்கும் தாள் இது. டயானா ராபின்ஸ், டெபோரா ஃபைன், மரியான் பார்ட்டன் என்ற உளவியலாளர்கள் மூவரின் பெயரில் 2009-இல் வந்த திருத்திய வடிவம் இது. விலை கிடையாது. இதற்கென்று உள்ள இணையதளத்தில் தமிழ் வடிவமும் இருக்கிறது. ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம். நிரப்ப 10 நிமிடம் போதும்.

எடுப்பதற்கு முன் கேள்விகளை எண்ணிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் தாள்களில் 23 கேள்விகள் இருந்தால் அது பழைய வடிவம், மதிப்பெண் கணக்கே வேறு. இப்போதையதில் 20 தான். 16 முதல் 30 மாதம் வரை உள்ள குழந்தைகளுக்கு மட்டுமே இது பொருந்தும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு இதைப் போட்டுவிட்டு "ஒண்ணும் இல்லை" என்று நிம்மதி அடைவது தவறு.

பதில் ஆம் அல்லது இல்லை. பெரும்பாலான கேள்விகளில் "இல்லை" என்றால் ஒரு மதிப்பெண். ஆனால் 2, 5, 12 மூன்றும் தலைகீழ்: காது கேட்கவில்லையோ என்று சந்தேகப்பட்டது உண்டா, கண்ணருகே விரல்களை விசித்திரமாக ஆட்டுகிறதா, அன்றாடச் சத்தங்களுக்குக் கலங்குகிறதா. இவற்றுக்கு "ஆம்" என்றால்தான் மதிப்பெண். வீட்டில் தாங்களே கூட்டிப் பார்ப்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். மொத்தம் 0 முதல் 2 வரை ஆட்டிசத்துக்குக் குறைந்த வாய்ப்பு, 3 முதல் 7 வரை நடுத்தரம், 8 அல்லது அதற்கு மேல் அதிகம்.

இந்தத் தாளின் உண்மையான பலம் சுட்டுவிரலைப் பற்றிய இரண்டு கேள்விகளில் இருக்கிறது. 6-ஆம் கேள்வி, ஒரு பொருள் வேண்டும் என்று கேட்க விரல் நீட்டுகிறதா என்பது. 7-ஆவது, வேடிக்கையான ஒன்றைக் காட்டுவதற்காக மட்டும் விரல் நீட்டுகிறதா என்பது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் ஒன்றல்ல. அலமாரியில் இருக்கும் பிஸ்கட்டைக் காட்டிக் கேட்பது தேவைக்காக. வானத்தில் போகும் ஏரோப்ளேனையோ எண்ணூர் நெடுஞ்சாலையில் போகும் கன்டெய்னர் லாரியையோ காட்டி, அம்மா பார்த்தாளா என்று திரும்பி அவள் முகத்தைப் பார்ப்பது பகிர்ந்துகொள்வதற்காக. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலரிடம் இந்த இரண்டாவதுதான் தாமதமாகிறது, அல்லது வராமல் போகிறது. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஃபிரிட்ஜ் மேல் வைப்பதையும் பலர் "ஆமா, காட்டுவான்" என்று எழுதிவிடுகிறார்கள். அது சுட்டிக்காட்டுவது ஆகாது. அங்கே பதில் "இல்லை".

10-ஆம் கேள்வி, பெயர் சொன்னால் திரும்புகிறதா என்பது. போனில் ரைம்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கக் கூடாது. போனையும் டிவியையும் அணைத்துவிட்டு, குழந்தை எதிலும் மும்முரமாக இல்லாத நேரத்தில், அதன் கண்ணில் படாத பக்கத்திலிருந்து, வீட்டில் வழக்கமாக அழைக்கும் செல்லப்பெயரால் கூப்பிட வேண்டும். தொட்டுக் கூப்பிடுவது, "சாக்லேட்" என்று ஆசை காட்டுவது இரண்டும் கணக்கில் வராது.

விளையாட்டுக் கேள்வியிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. சொப்புச் சாமானை வரிசையாக அடுக்குவதும் வண்டியின் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இருப்பதும் கற்பனை விளையாட்டு அல்ல. காலி டம்ளரில் காபி குடிப்பதுபோல் நடிப்பது, சீப்பைக் காதில் வைத்து "அலோ" என்பது, பொம்மைக்கு ஊட்டிவிடுவது இவைதான் 3-ஆம் கேள்வி தேடும் விஷயம். ஏறி விளையாடப் பிடிக்குமா என்ற கேள்விக்குப் பூங்காவும் சறுக்குமரமும் தேவையில்லை. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் இருக்கும் கட்டிலும் மாடிப்படியும் போதும்.

யார் பதில் சொல்வது என்பதும் முக்கியம். நாள் முழுக்கக் குழந்தையோடு இருப்பவர் சொல்ல வேண்டும். அம்மா வேலைக்குப் போய் ஆயா பார்த்துக்கொள்ளும் வீட்டில் இருவரும் சேர்ந்து உட்கார வேண்டும். எப்போதாவது ஒன்றிரண்டு முறை செய்ததை "ஆம்" என்று போடக் கூடாது. வழக்கமாகச் செய்கிறதா என்பதே கேள்வி. "அவங்க அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்", "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்" என்று பக்கத்தில் நின்று சொல்பவர்கள் பாசத்தோடுதான் சொல்கிறார்கள். அதற்காகப் பதிலை மாற்றினால் நஷ்டம் குழந்தைக்கு.

தாளின் பெயரில் கடைசியில் வரும் எஃப், தொடர் கேள்விப் பகுதியைக் குறிக்கிறது. பலரும் அதைப் பிரிண்ட் எடுப்பதே இல்லை. பெரிய குறை அதுதான். மதிப்பெண் 3 முதல் 7-க்குள் வந்தால், மதிப்பெண் விழுந்த கேள்விகளை மட்டும் எடுத்து உதாரணங்களோடு மறுபடி கேட்கும் பகுதி அது. அதற்குப் பிறகும் 2 அல்லது அதற்கு மேல் நின்றால் மருத்துவரிடம் போக வேண்டும். முதலிலேயே 8 அல்லது அதற்கு மேல் வந்தால் தொடர் கேள்விக்குக் காத்திருக்காமல் நேராகப் போகலாம். 2014-இல் வெளியான ஆய்வில், இரண்டு கட்டத்திலும் இப்படி நின்ற குழந்தைகளில் 47.5 சதவீதத்தினருக்கு ஆட்டிசம் உறுதியானது. ஆட்டிசம் உட்பட ஏதோ ஒரு வளர்ச்சித் தாமதமோ கவனிக்க வேண்டிய சிக்கலோ இருந்தவர்கள் 94.6 சதவீதம். ஆகவே இந்தத் தாள் ஆட்டிசம் என்று முத்திரை குத்துவதில்லை. ஆனால் அது கை காட்டினால் பெரும்பாலும் காரணம் இருக்கிறது.

இதில் இல்லாதவை: குழந்தை எத்தனை வார்த்தை பேசுகிறது என்று ஒரு கேள்விகூடக் கிடையாது. பேசிக்கொண்டிருந்த வார்த்தைகள் நின்றுபோயினவா என்றும் கேட்பதில்லை. நம் வீடுகளில் கவலை தொடங்குவதே பேச்சில்தான் என்பதால் இவற்றைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 12 மாதத்தில் மழலையோ கையசைவோ இல்லை, 16 மாதத்தில் ஒற்றை வார்த்தை இல்லை, 24 மாதத்தில் தானாக இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லவில்லை, எந்த வயதிலும் வந்த பேச்சோ பழக்கமோ போய்விட்டது: இவற்றில் ஒன்று இருந்தாலும், தாளில் பூஜ்யம் வந்தாலும், மருத்துவரைப் பார்க்க வேண்டும். நாக்கில் வசம்பு தடவிப் பார்த்து ஆறு மாதம் கடத்த வேண்டாம். 24 மாதத்துக்கு முன் போட்டுக் குறைந்த மதிப்பெண் வந்த குழந்தைக்கும் இரண்டு வயது முடிந்ததும் மறுபடி ஒருமுறை போட வேண்டும். அறிகுறி லேசாக இருக்கும் குழந்தைகள் முதல் தடவையில் தப்பிவிடுவது உண்டு.

வடசென்னையில் அடுத்த படி எட்டாத தூரத்தில் இல்லை. ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவு அருகிலேயே இருக்கிறது. எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்கு விம்கோ நகர், திருவொற்றியூர் பக்கத்திலிருந்து மெட்ரோவில் வந்து, சென்ட்ரலில் பச்சை வழித்தடத்துக்கு மாறினால் அடுத்த நிறுத்தம் எழும்பூர். சத்தமும் நெரிசலும் தாங்காத குழந்தையை காலை நெரிசல் நேரத்து மின்சார ரயிலில் ஏற்றுவதைவிட இது நல்லது. 2013-இல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் அங்கன்வாடிகளுக்கு மருத்துவக் குழு வரும். என்றைக்கு வருகிறது என்று அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டுவைத்து, நிரப்பிய தாளை அவர்களிடமும் காட்டலாம்.

போகும்போது தாளின் நகலோடு, போனில் மூன்று வீடியோக்களும் இருக்கட்டும்: தனியாக விளையாடுவது, பெயர் சொல்லிக் கூப்பிடுவது, மற்ற பிள்ளைகளோடு இருப்பது. ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம் போதும். புது இடத்தில் அழும் குழந்தையிடம் மருத்துவர் பார்க்க முடியாததை இவை காட்டும். காது கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். கூப்பிட்டால் திரும்பாததற்குக் காதும் காரணமாக இருக்கலாம், அதை விலக்கிய பிறகே மேற்கொண்டு பேச முடியும். மதிப்பீட்டுக்கான தேதி தள்ளிப்போனாலும், பேச்சுப் பயிற்சியையும் ஆக்குபேஷனல் தெரபி எனும் அன்றாடச் செயல்களுக்கான பயிற்சியையும் அதற்குள் தொடங்கலாமா என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள். தொடங்குவதற்கு ஆட்டிசம் என்று எழுதிய சான்று கையில் இருக்க வேண்டியதில்லை.