மொட்டை மாடிக் காளான் அறை: மூன்று கோடைகளின் அனுபவம்

மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை இருக்கிறது. உடைந்த கட்டிலும் பழைய அண்டாக்களும் கிடந்த அறையை 3 ஆண்டுகளுக்கு முன் ஒழித்து, சிப்பிக் காளான் வளர்க்கத் தொடங்கினேன். வைக்கோல் அவிப்பது, வித்து போடுவது, பை கட்டுவது எல்லாம் ஒரே மாதத்தில் கைக்கு வந்துவிட்டன. அறையின் சூட்டைப் புரிந்துகொள்ளத்தான் இரண்டு கோடைகள் ஆயின.

சிப்பிக் காளானுக்கு 23 முதல் 28 டிகிரி வரை வெப்பமும் 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் வேண்டும். சித்திரையில் வெளியே 39 டிகிரி. கடைக்காரர் பேச்சைக் கேட்டு 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றை வாங்கி மாட்டினேன். அந்த அளவு ஃபேன் இவ்வளவு சிறிய அறையின் காற்று முழுவதையும் ஓரிரு நிமிடத்தில் வெளியே தள்ளிவிடும். அதற்குப் பதிலாக உள்ளே வருவது என்ன? அதே 39 டிகிரிக் காற்றுதான். இரண்டே நாளில் ஈரப்பதம் 45க்கு இறங்கியது. பையின் துளைகளில் அரும்பியிருந்த மொட்டுகள் தாளித்த கடுகு போலச் சுருண்டு கருகின.

பயந்துபோய் ஃபேனை நிறுத்திக் கதவையும் சாத்தினேன். ஈரம் வெளியேறாமல் தங்கியது. ஆனால் அடுத்த அறுவடையில் தண்டு சுண்டுவிரல் நீளம், தொப்பி ஒரு ரூபாய் நாணயம் அளவு. காளானும் நம்மைப் போலக் கரியமில வாயுவை வெளிவிடும் உயிர்தான். அது அறையில் தேங்கினால் தொப்பி விரியாது, தண்டுதான் நீளும். காற்றை விட்டால் சூடு, விடாவிட்டால் மூச்சுமுட்டல். இந்த இழுபறியிலேயே முதல் கோடை போனது.

இரண்டாம் ஆண்டில் செய்த ஒரே புத்திசாலித்தனம், ஃபேனை விட்டுவிட்டுத் தெர்மாமீட்டரைக் கையில் எடுத்தது. மதியம் 2 மணிக்கு அறை உச்சத்தில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை, இரவு 7 மணிக்குத்தான் உச்சம். பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் பொழுது சாய்ந்த பிறகுதான் அதை உள்ளே இறக்குகிறது. கூரையில் கையை வைத்தால் தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று நேரம் ஆனது போல இருந்தது. தளத்துக்கு வெள்ளைப் பூச்சு அடித்து, அதற்கு மேல் ஒன்றரை அடி இடைவெளி விட்டு நிழல்வலை கட்டினேன். மாலை நேரச் சூடு 4 டிகிரி குறைந்தது. இந்த அறைக்குச் செய்த செலவில் முழுதாகப் பலன் தந்தது இது ஒன்றுதான்.

இன்னொரு அடுப்பு அறைக்குள்ளேயே இருந்தது. சமையலறைத் தெர்மாமீட்டரின் ஊசியை வித்து பரவிக்கொண்டிருந்த ஒரு பையின் நடுவில் செருகிப் பார்த்தேன். அறையில் 27, பைக்குள் 32. காளானின் பூசண இழை வைக்கோலைத் தின்னும்போது சூடு பிறக்கிறது. இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று பைகளை மூட்டை போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தேன். நடுவில் இருந்தவற்றில்தான் பச்சைப் பூசணம் பிடித்தது. இப்போது 60 பைகளுக்குப் பதில் 40 தான், எல்லாம் உறியில் தொங்குகின்றன, பைக்குப் பை நான்கு விரல் இடைவெளி. மொத்த அறுவடை குறையவில்லை.

காற்றோட்டத்தின் கோளாறை ஓர் ஊதுபத்திதான் காட்டிக்கொடுத்தது. ஃபேனை ஓடவிட்டு, பத்தியை இடுப்புயரத்தில் பிடித்தேன். புகை அங்கேயே சோம்பிச் சுருண்டது. தலைக்கு மேலே தூக்கியதும் விருட்டென்று ஃபேனை நோக்கி ஓடியது. எதிர்ச்சுவரின் உயரத்தில் இருந்த வென்டிலேட்டர் வழியாக வந்த காற்று, தலைக்கு மேலாகவே போய் ஃபேன் வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. கீழ்வரிசைப் பைகளில் மட்டும் தண்டு நீண்டதற்குக் காரணம் அதுதான். வென்டிலேட்டரை அடைத்துவிட்டு, அதே சுவரில் தரையோரமாக 4 அங்குல பிவிசி குழாய்கள் இரண்டு பதித்து, ஈ வராதபடி நைலான் வலை கட்டினேன். ஃபேனையும் 6 அங்குலத்துக்கு மாற்றினேன். டைமர் வைத்து இரவு 10 முதல் காலை 7 வரை மணிக்குப் பத்து நிமிடம் ஓடும். பகலில் இரண்டே நிமிடம். குளிர்ந்த காற்று கிடைக்கும் நேரத்தில் தாராளமாக வாங்கிக்கொண்டு, பகலில் கஞ்சத்தனம்.

ஏர் கூலர் பற்றிப் பலர் கேட்கிறார்கள். சித்திரையில் நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் காற்று வெளியேற வழி இருக்க வேண்டும். மூடிய அறையில் வைத்தால் சற்று நேரத்தில் அறை இட்லிப் பானை ஆகிவிடும். ஐப்பசியில் அதே கூலர் வெறும் சத்தம்தான். கெட்டுவிட்டது என்று கழற்றப் போனபோது அம்மா சொன்னார்: "மழைக்காலத்தில் மண்பானைத் தண்ணீர் என்றைக்குக் குளிர்ந்திருக்கிறது?" அவ்வளவுதான் விஷயம். தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணி சுற்றி விசிறிக் காற்றில் பிடித்துப் பார்த்தேன். சித்திரை மதியம் 38 டிகிரியில் ஈரத்துணி 26 காட்டியது; ஐப்பசியில் 29க்கு 26. ஈரத்தை வைத்துக் குளிர்விக்கும் எதுவும், கூலரோ கோணிச்சாக்கோ, அந்த இரண்டாவது எண்ணுக்குக் கீழே போகாது.

பராமரிப்பு பற்றிச் சுருக்கமாக: நைலான் வலையில் தூசியும் காளான் தொப்பியிலிருந்து உதிரும் வித்துத்தூளும் படிந்து காற்று நின்றுவிடும், வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். ஈரத்தில் ஃபேனின் பேரிங் துருப்பிடிக்கும். முதல் ஃபேன் 8 மாதம்தான் உழைத்தது. தொப்பியின் ஓரம் மேல்நோக்கி மடங்கும்வரை பறிக்காமல் விட்டால் அறை முழுக்க வித்துத்தூள் பறக்கும், இருமல் நிச்சயம். நான் முகக்கவசம் இல்லாமல் உள்ளே போவதில்லை.

இத்தனையும் செய்த பிறகும் அக்னி நட்சத்திர நாட்களில் அறை 31க்குக் கீழே இறங்கவில்லை. மூன்றாம் கோடையில் பிடிவாதத்தை விட்டுவிட்டுப் பால் காளானுக்கு மாறினேன். வேளாண் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்ட ஏ.பி.கே.2 ரகம், பக்கத்து அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. 30 முதல் 35 டிகிரி அதற்குச் சுகம். பையை இரண்டாக வெட்டி மேலே மண் போர்த்தும் வேலை கூடுதல், அறுவடைக்கு நாளும் கூடுதல். ஆனால் பறித்தபின் சிப்பிக் காளான் போல மறுநாளே வாடுவதில்லை. பங்குனி முதல் ஆனி வரை இப்போது அறையில் பால் காளான் மட்டும்தான்.

ஆடிக் காற்றுதான் இன்னும் வசப்படவில்லை. ஃபேன் மேற்குச் சுவரில் இருப்பதால் காற்று அதை எதிர்த்து அடித்து இறக்கையைப் பின்னோக்கிச் சுழற்றுகிறது. அதைத் தடுக்கத் தொங்கும் தகர மூடி ஒன்று பொருத்தினேன். இரவு முழுக்க அது தடதடவென்று அடித்து, கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை படியேறி வந்துவிட்டார். இந்த ஆடிக்குள் ஃபேனைக் கிழக்குச் சுவருக்கும் குழாய்களை மேற்குச் சுவருக்கும் மாற்றக் கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன்.