டிராக்பேட் போய்விட்டது என்று கடையில் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்

ஸ்டீம் டெக் (வால்வ் நிறுவனத்தின் கையடக்க கேமிங் கணினி) வைத்திருப்பவர்கள், முக்கியமாகப் புதிதாக வாங்கியவர்கள், தயவுசெய்து இதைப் படியுங்கள். பழுதே ஆகாத பொருளுக்கு எனக்கு 8,800 ரூபாயும் ஒன்பது நாளும் போனது.

அத்தை பையன் அமெரிக்காவிலிருந்து வரும்போது வாங்கி வந்து கொடுத்தான். வால்வ் இதை இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை, அதனால் ஏதாவது ஆனால் கொண்டுபோய்க் கொடுக்க சர்வீஸ் சென்டரும் இங்கே கிடையாது. கடைக்காரர் என்ன சொன்னாலும் தலையாட்ட வேண்டிய நிலைமை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு ஷூட்டிங் கேம் போட்டேன். வலது டிராக்பேடில் (விரலால் தடவும் சதுரப் பட்டை) கட்டைவிரலை ஓரத்துக்கு நகர்த்தினால் கேமரா திரும்புகிறது, அது சரி, ஆனால் விரலை அங்கேயே அசையாமல் வைத்திருந்தாலும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எதிரியைக் குறி வைத்தால் தாண்டிப் போகிறது, திரும்ப இழுத்தால் இந்தப் பக்கம் தாண்டுகிறது. சென்னையில் கேமிங் சாதனங்கள் பழுதுபார்க்கும் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த பையன் ஒரு நிமிஷம் தடவிப் பார்த்துவிட்டு, "ப்ரோ, பேட்ல டிரிஃப்ட் ஆகுது, உள்ள சென்சார் போயிடுச்சு, முழுசா மாத்தணும்" என்றான். டிரிஃப்ட் என்றால் நாம் அசைக்காமலே தானாக நகர்வது. செக்கிங்குக்கு 1,000, பேடுக்கு 7,800. ஒன்பதாவது நாள் கையில் வாங்கி, வீட்டுக்கு வந்து போட்டால் அதே சுற்றல். போன் செய்தேன். புதுப் பேட் செட் ஆக ரெண்டு நாள் ஆகும் என்றார்கள்.

ஆபீஸில் கூட வேலை செய்யும் தம்பி ஒருவரிடம் புலம்பியபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அண்ணா, ஸ்டீம் பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு வலது பேடைத் தடவிப் பாத்தீங்களா?" அப்படிச் செய்தால் பேட் மவுஸ் மாதிரி வேலை செய்யும். செய்தேன். திரையில் கர்சர் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது, விரல் நின்ற இடத்தில் நின்றது. சென்சார் போயிருந்தால் கர்சரும் தாறுமாறாகத்தானே ஓடியிருக்க வேண்டும்? செட்டிங்ஸில் கன்ட்ரோலர் பக்கத்தில் உள்ளீட்டைச் சோதிக்கும் திரையும் இருக்கிறது, விரல் பேடில் எந்த இடத்தில் இருக்கிறது என்று புள்ளியாகக் காட்டும். இரண்டும் சேர்ந்து இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

நடந்தது இதுதான். அந்த கேமுக்கு 'கேம்பேட் வித் ஜாய்ஸ்டிக் டிராக்பேட்' என்ற லேஅவுட் (எந்தப் பட்டன், எந்தப் பேட் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு) இருந்தது. அதில் பேட் ஒரு ஜாய்ஸ்டிக்காக நடிக்கிறது: நடுவில் விரல் இருந்தால் கேமரா நிற்கும், ஓரத்தில் இருந்தால் ஸ்டிக்கைச் சாய்த்துப் பிடித்ததாகக் கணக்கு, அதனால் விரலை எடுக்கும்வரை சுற்றும். பேட் சொன்னபடிதான் செய்திருக்கிறது, பாவம்.

கேம் ஓடும்போது ஸ்டீம் பட்டனை அழுத்தி, கன்ட்ரோலர் செட்டிங்ஸில் லேஅவுட்டைத் திருத்தப் போய், வலது டிராக்பேடை மவுஸாக மாற்றுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். சில கேம்கள் மவுஸையும் கேம்பேடையும் ஒன்றாக வாங்கிக்கொள்ளாது, திரையில் பட்டன் படங்கள் மாறி மாறி மினுக்கும். அந்த கேமுக்கு மட்டும் மவுஸ் ஜாய்ஸ்டிக் என்று இருப்பதை எடுங்கள் (தடவுவது மவுஸ் மாதிரி, கேமுக்குத் தெரிவது ஜாய்ஸ்டிக்), கொஞ்சம் மந்தமாக இருந்தாலும் ஓடும். அப்புறம் கேமுக்குள்ளே போய் மவுஸ் ஆக்சலரேஷனை அணைத்துவிடுங்கள், இதை விட்டால் மற்றதெல்லாம் வீண், ஒரே தூரம் தடவினாலும் ஒவ்வொரு தடவையும் வேறு அளவு திரும்பும். சென்சிட்டிவிட்டிக்கு நான் செய்தது: ஒரு கதவைப் பார்த்து நின்று, பேடின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை ஒரே இழுப்பு, முதுகுப் பக்கம் திரும்பி நிற்கும்வரை கூட்டிக் குறைத்தேன். டிராக்பால் மோடை வைத்துக்கொள்ளுங்கள், சுண்டிவிட்டால் கேமரா உருண்டு போகும், அதன் உராய்வைக் கூட்டினால் சீக்கிரம் நிற்கும்; எனக்கு நடுத்தரம் போதவில்லை, கூட்டினேன். கடைசியாக ஜைரோவை (டெக்கைச் சாய்ப்பதை, திருப்புவதை உணரும் சென்சார்), வலது பேடைத் தொடும்போது மட்டும் வேலை செய்யும்படி வையுங்கள். பெரிய திருப்பத்துக்கு விரல், மயிரிழை திருத்தத்துக்கு மணிக்கட்டு. குறி வைப்பதே வேறு மாதிரி ஆகிவிட்டது.

திரும்பக் கடைக்கு. என் பேடின் கீழ் மூலையில், வாங்கிய வாரமே சாவி உரசிய ஒரு கீறல் உண்டு, நகத்தால் தடவினால் தட்டும். 'புதுப் பேடிலும்' அதே இடத்தில் அதே கீறல் இருந்தது. அதைக் காட்டினேன். பழைய பாகத்தைக் கொடுங்கள் என்றேன், குப்பையில் போட்டுவிட்டோம் என்றார்கள். பின்பக்கம் எட்டு ஸ்க்ரூ இருக்க வேண்டும், ஏழுதான் இருந்தது, அதற்கும் பதில் இல்லை. கடைசியில் அந்தப் பையன் உள்ளே போய்விட்டான், முதலாளி என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

கொடுத்த பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று மட்டும் எழுதியிருக்கிறது, டிராக்பேட் என்ற வார்த்தையே இல்லை. அவசரத்தில் நான் பார்க்காமல் வாங்கிவிட்டேன். நீங்கள் எந்தக் கடையில் கொடுத்தாலும் மாற்றும் பாகத்தின் பெயரை பில்லில் எழுத வையுங்கள், கழற்றிய பாகம் வேண்டும் என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், டெக்கை முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கீறல் தெரியும் பழைய போட்டோ ஒன்று என்னிடம் தற்செயலாக இருந்தது. அதை வைத்துத்தான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன்.