கோத்தகிரி மழையில் ஒரு ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டர்: எந்த ஓஎஸ், எந்தப் பதிப்பு?

டிவிக்குக் கீழே ஒரு சின்னக் கம்ப்யூட்டரை வைத்துப் படம் பார்க்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "விண்டோஸ் 11 போடலாமா, லினக்ஸுக்குப் போகலாமா?" என்றுதான். பல வருடமாக இந்தப் பெட்டியோடு குடித்தனம் நடத்துகிறவன் என்ற முறையில் நான் கேட்பது வேறு. நீங்கள் ஊரில் இல்லாத நேரத்தில் கரண்ட் போய்த் திரும்பி வருகிறது. அந்தப் பெட்டி தானாக எழுந்து, யார் உதவியும் இல்லாமல் உங்கள் அம்மா கையில் இருக்கும் ரிமோட்டுக்குப் பதில் சொல்லுமா? சொல்லும் என்றால் அது சரியான பதிப்பு. எண் 7 ஆக இருந்தாலும் சரி, 12 ஆக இருந்தாலும் சரி.

கோத்தகிரியில் இருப்பதால் இந்தக் கேள்வி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கூடலூர், ஊட்டிப் பக்கம் ஆனி, ஆடியில் வெளுத்து வாங்கும். எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகைதான் கெட்டி. காற்றோடு மழை பிடித்தால் எங்காவது ஒரு சீகையோ சில்வர் ஓக்கோ கம்பியில் சாயும். கரண்டும் போகும், அதே கம்பத்தில் தொங்கும் இன்டர்நெட் கேபிளும் போகும். கரண்ட் சாயங்காலத்துக்குள் வந்துவிடும். கேபிளை ஒட்டவைக்க ஆள் வர வேண்டுமே, அது நம் கையில் இல்லை. அதனால்தான் ஓடிடி காலத்திலும் சொந்தமாகப் படங்களை டிஸ்க்கில் வைத்திருக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் விடவில்லை.

இப்போது இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய மினி பிசி. இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ3. இந்தத் தலைமுறைக்கு ஒரு விசேஷம் உண்டு. 4கே படங்களில் சாதாரணமாக வரும் 10 பிட் ஹெச்இவிசி (வீடியோவைச் சுருக்கி வைக்கும் ஒரு முறை) வீடியோவை சிப்பிலுள்ள தனி வீடியோ பகுதியே நேரடியாகப் பிரித்துவிடும், சிபியு மூச்சு வாங்காது. ஆறாம் தலைமுறையில் 8 பிட் வரைக்கும்தான். ஆனால் விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வைத்த கோடு, ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, எட்டாம் தலைமுறையில் தொடங்குகிறது. படம் ஓட்ட எல்லாத் தகுதியும் உண்டு, புது விண்டோஸுக்கு மட்டும் தகுதி இல்லை. உங்களிடம் இருப்பதும் இதே ரகமாக இருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் பழைய அலுவலகக் கம்ப்யூட்டர்கள் இப்போது மலிவாகக் கிடைப்பது இந்தத் தலைமுறையில்தான்.

குன்னூரில் எனக்கு ரேம் மாற்றித் தந்த பையன், "அண்ணா, அதெல்லாம் தாண்டி 11 ஏத்திடலாம், அஞ்சு நிமிஷ வேலை" என்றான். ஏற்றலாம், உண்மைதான். ஆனால் தகுதிப் பட்டியலில் இல்லாத கம்ப்யூட்டருக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் பொறுப்பு ஏற்கவில்லை. வரவேற்பறையில் இருக்கும் பெட்டியில் அப்படி ஒரு பந்தயம் கட்ட நான் தயாராக இல்லை.

விண்டோஸ் பக்கம் பொற்காலம் என்றால் அது விண்டோஸ் 7 தான். ஹோம் பிரீமியம் பதிப்பிலேயே மீடியா சென்டர் என்ற படம் பார்க்கும் மென்பொருளும் கூடவே வந்தது. சோபாவில் உட்கார்ந்து பார்க்கத் தோதாகப் பெரிய எழுத்து, அதற்கென்றே ரிமோட். விண்டோஸ் 8-ல் அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. 2015-ல் 10 வந்தபோது ஆளே காணோம். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ல் நின்றது. இன்னும் சிலர் இன்டர்நெட்டைப் பிடுங்கிவிட்டு 7 வைத்திருக்கிறார்கள், டிவிடி, பழைய எச்டி படங்களுக்கு அது போதும். 4கே என்று வந்தால் வேலைக்கு ஆகாது.

விண்டோஸ் 10-ல் மீடியா சென்டர் இருந்த இடத்தில் கோடி (Kodi) என்ற இலவச வீடியோ பிளேயர் மென்பொருளை வைத்து நெடுநாள் ஓட்டினேன். படத்தரத்தில் குறை ஒன்றும் இல்லை. சிக்கல் எங்கே என்றால், அது வேலை செய்யும் மேசைக்காகச் செய்த ஓஎஸ். ஹோம் பதிப்பில் அப்டேட்டை 35 நாள் வரைதான் தள்ளிப்போட முடியும். அப்புறம் இறக்கும், தன்னைத்தானே மறுபடி தொடங்கும். எங்கள் ஊர் கரண்ட் போகிற நேரமும் அது அப்டேட் போடுகிற நேரமும் ஒன்றாக அமைந்தால் அடுத்த நாள் காலையில் டிவியில் நீலத் திரையும் ஆங்கிலக் கேள்வியும் நிற்கும். கீபோர்டு தேடி அலமாரியைக் குடைய வேண்டும். சரி, 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல் இலவச ஆதரவு முடிந்தது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் என்று இன்னும் ஒரு வருடம் நீட்டியிருக்கிறார்கள். மழை விட்டும் தூவானம் விடாத கதை.

இப்போது ஓடுவது லிப்ரிஎலெக் 12. கோடி ஒன்றை ஓட்டுவதற்கு எவ்வளவு லினக்ஸ் தேவையோ அவ்வளவு மட்டும் வைத்துச் செய்த ஓஎஸ். 2016-ல் ஓப்பன்எலெக்கிலிருந்து பிரிந்து வந்தது. 12-ம் பதிப்பு 2024-ல் வந்தது, உள்ளே கோடி 21. மலைக்கு இது ஒத்துப்போவதற்குக் காரணம் அதன் உள் அமைப்புதான். ஓஎஸ் முழுவதும் படிக்க மட்டுமே முடிகிற ஒற்றைக் கோப்பாகச் சுருக்கி வைக்கப்பட்டிருக்கிறது. ஓடும்போது அதில் யாரும் எதையும் எழுதுவதில்லை. உங்கள் அமைப்புகள், படப் பட்டியல் எல்லாம் தனிப் பகுதியில். அதனால் நட்டநடுவில் கரண்ட் போனாலும் ஓஎஸ் கெட வழியே கிட்டத்தட்ட இல்லை. பயாஸில் (ஓஎஸ் எழுவதற்கு முன்பே ஓடும் கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை) 'கரண்ட் வந்ததும் ஆன் ஆகு' என்பதைத் தேர்ந்து வைத்துவிட்டால், விளக்கு எரிந்த கையோடு கோடி திரை வந்து நிற்கிறது. அப்டேட்டைக் கைமுறை என்று வைத்துவிட்டேன். நாமாகச் சொன்னால்தான் மாறும்.

ரிமோட் பற்றி ஒரு வேடிக்கை. மீடியா சென்டர் காலத்துப் பச்சை பட்டன் ரிமோட்டும் அதன் யுஎஸ்பி ரிசீவரும் வீட்டில் சும்மா கிடந்தன. செருகினேன், வேலை செய்தது. டிரைவர் தேடவே வேண்டாம், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் கைவிட்ட ரிமோட்டுக்கு லினக்ஸில் வாழ்க்கை. கோடியே 2002-ல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸில் ஆர்வலர்கள் எழுதிய பிளேயராகப் பிறந்ததுதான், 2014-ல்தான் இந்தப் பெயர் வைத்தார்கள். அம்மாவுக்கு இந்த வரலாறெல்லாம் வேண்டாம். "அம்புக்குறி, ஓகே, பின்னாடி போறது. இது மூணும் இருந்தா போதும்டா" என்பதே அவர் விமர்சனம்.

ஓஎஸ் எதுவானாலும் கோடியில் ஒரே ஒரு அமைப்பை மாற்றாமல் விடாதீர்கள். பிளேயர் பகுதியில், வீடியோவுக்கு ஏற்ப டிவியின் ரிஃப்ரெஷ் ரேட்டை (திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கிறது என்பது, ஹெர்ட்ஸில்) மாற்றச் சொல்லும் வரி இருக்கும். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். டிவி 60 ஹெர்ட்ஸில் நின்றால் ஒரு ஃபிரேம் இரண்டு தடவையும் அடுத்தது மூன்று தடவையுமாகக் காட்டப்படும். கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் படம் விக்கி விக்கிப் போவது அதனால்தான். டிவி 24-க்கு மாறிவிட்டால் விக்கல் போய்விடும். அதிலும் டிஸ்க்குகளில் பெரும்பாலும் இருப்பது 23.976. அதை நேர் 24-ல் ஓட்டினால் ஏறக்குறைய 42 நொடிக்கு ஒருமுறை ஒரு ஃபிரேம் இரட்டிக்கும். தெரிகிறவர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

இதன் அருமை எனக்குப் புரிந்தது சினிமாவில் அல்ல, அக்கா கல்யாண வீடியோவில். கேசட்டிலிருந்து மாற்றிய, பால் (PAL) என்ற பழைய டிவி முறை வீடியோ, 720க்கு 576, நொடிக்கு 25 ஃபிரேம், ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு அரைப்படமாக. அப்படியே 60 ஹெர்ட்ஸில் ஓட்டினால் மாலையோடு அக்கா திரும்பும்போது புடவைக் கரையெல்லாம் சீப்புப் பல்லாகப் பிளந்து நிற்கும். அரைப்படங்களை முழுப்படமாக்கும் டீஇன்டர்லேஸைப் போட்டு, டிவியை 50-க்கு மாற விட்டேன். நொடிக்கு 50 அரைப்படமும் தன் தன் நேரத்தில் வருகிறது, அட்சதை விழுவதுகூட வழவழவென்று இருக்கிறது. படத்தை இழுத்து அகலத் திரையை நிரப்ப வேண்டாம். மாப்பிள்ளை குண்டாகிவிடுவார்.

ஓடிடி? அதை டிவியிடமே விட்டுவிடுங்கள். லினக்ஸில் நெட்ஃப்ளிக்ஸ் போன்றவற்றை 4கே-யில் பார்க்க முடியாது, நகல் எடுப்பதைத் தடுக்கும் பூட்டுத் தொழில்நுட்பத்தின் உயர்ந்த நிலை அங்கே கிடைப்பதில்லை. கம்ப்யூட்டரிலேயே எல்லாம் வேண்டும் என்பவர்களுக்கு, தகுதியுள்ள மெஷினில் விண்டோஸ் 11 தான் வழி. எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

லிப்ரிஎலெக்கில் குறை இல்லாமல் இல்லை. என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்களுக்கு 'லெகசி' என்ற தனி இமேஜ் (நிறுவும் கோப்பு) தான், எச்டிஆர் (வெளிச்சமும் நிறமும் கூடுதலாகத் தெரியும் படம்) வேண்டுமென்றால் இன்டெல், ஏஎம்டியோடு நிற்க வேண்டும். கோடியின் பெரிய பதிப்பு மாறும்போது ஆட்-ஆன்கள் (கோடியோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் மென்பொருள்கள்) உதிரும். 2021-ல் ஆட்-ஆன்கள் எழுதப்படும் மொழியில் கோடி 19 பைத்தான் 3-க்குத் தாவியபோது பழைய ஆட்-ஆன்கள் கூட்டமாக விழுந்தன. புதுப் பதிப்பு வந்த வாரமே ஏறாமல் கொஞ்சம் ஆறப்போடுவது நல்லது. பக்கத்தில் ஒரு பிரவுசரைத் திறந்து மின் கட்டணம் கட்டலாம் என்ற எண்ணமும் வேண்டாம், இது அதற்கான பெட்டி இல்லை. படங்கள் இருக்கும் வெளி டிஸ்க்கை லினக்ஸின் சொந்த டிஸ்க் வடிவமான எக்ஸ்டி4-ல் (ext4) வையுங்கள். விண்டோஸின் வடிவமான என்டிஎஃப்எஸ் டிஸ்க் கரண்ட் போய் முறையாக மூடப்படாமல் நின்றால், லினக்ஸ் அதைத் திறக்க மறுக்கலாம். அப்போது ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரைத் தேடிப் போய்ச் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

புதிதாக வாங்குகிறவர்கள் இன்டெல் என்100 மினி பிசியைப் பார்க்கலாம். 2023-ல் வந்த சிப், ஏவி1 என்ற புதிய வீடியோ சுருக்க முறை வரை பிரிக்கும், விண்டோஸ் 11-க்கும் தகுதி உண்டு, பெரும்பாலும் அதோடுதான் வரும். அதை உடனே அழித்துவிடாதீர்கள். லிப்ரிஎலெக்கை பென் டிரைவில் போட்டு, நிறுவாமலே அதிலிருந்து ஓட்டலாம். உங்கள் டிவி 24-க்கும் 50-க்கும் மாறுகிறதா, ஆம்ப்ளிஃபையரில் டால்பி விளக்கு எரிகிறதா, ரிமோட் கேட்கிறதா என்று வீட்டிலுள்ள எல்லோர் கையிலும் கொடுத்துப் பாருங்கள். பிடித்திருந்தால் மட்டும் நிறுவுங்கள், ஏனென்றால் நிறுவும்போது அது முழு டிஸ்க்கையும் துடைத்துவிடும். விண்டோஸோடு பக்கத்துப் பக்கத்தில் இருக்க அதற்குத் தெரியாது.